ந்சிமா கஞ்சியல்ல, களி

ஆப்பிரிக்க நாடான மலாவியின் உணவைப் பற்றிய இந்தக் கட்டுரையில், அங்கே அன்றாடச் சாப்பாடான ந்சிமாவை 'மக்காச்சோளக் கஞ்சி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தலைநகர் லிலோங்வேயில் மூன்று வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அது கெட்டிக் களி. கஞ்சிக்கு அங்கே பாலா என்று தனிப்பெயர் இருக்கிறது. முதலில் மாவைக் கரைத்து பாலா மாதிரிதான் கொதிக்கவிடுவார்கள். அப்புறம் பிடிபிடியாக மாவைப் போட்டு, ம்திகோ என்ற மரத்துடுப்பால் கிளறுவார்கள். கை கழன்றுவிடும். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா அகப்பையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து எடுத்து, வழுவழுப்பான அடைகளாகத் தட்டில் அடுக்குவார். நான் கிண்டினால் வந்ததெல்லாம் கட்டிதான்.

சாம்போ மீனுக்குப் பாதிக் கட்டுரையைக் கொடுத்திருக்கிறீர்கள், சரி, ருசியான மீன்தான். ஆனால் அளவுக்கு மீறிப் பிடித்ததில் மலாவி ஏரியின் தென்பகுதியில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது, விலையும் அதற்கேற்றபடிதான். சாதாரண வீடுகளில் உசிபாதான். விரல் நீளப் பொடிமீன். கரையோரப் பரண்களில் வெயிலில் காய வைப்பார்கள். அதைத் தக்காளி, வெங்காயத்தோடு வதக்கினால் தெருவே மணக்கும். மீன் இல்லாத நாளில் பூசணி இலையை நிலக்கடலைப் பொடி போட்டுச் சமைப்பார்கள். எனக்கு சாம்போவைவிட இதுதான் பிடிக்கும்.

வடக்கே ஏரிக்கரையில் மரவள்ளி மாவில் கிண்டும் கொண்டோவோலேயை விட்டுவிட்டீர்களே! ரப்பர் மாதிரி இழுக்கும், பழக நாளாகும். இன்னொன்று, மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். அதற்கு முன்பு அங்கே சோளமும் கேழ்வரகும்தான்.