பெயரை நீக்கினால் தொழில் நின்றுவிடுமா?

“பிரிட்டனில் தவறு செய்த மனநல சிகிச்சையாளரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டால், அவர் மறுபடி யாருக்கும் சிகிச்சை தர முடியாது” என்று பகிரப்படும் செய்தி தவறு.

அங்கே ‘சைக்கோதெரபிஸ்ட்’, ‘கவுன்சிலர்’ என்ற பட்டங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை; யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பதிவேடு வைத்திருக்கும் பிஏசிபி, யூகேசிபி போன்ற தொழில்முறை அமைப்புகளில் சேர்வது அவரவர் விருப்பம். நம்பி வந்தவரிடம் அத்துமீறியதற்காக நீக்கப்பட்டவர்கூட அதே பட்டத்தோடு தொழிலைத் தொடரலாம். நீக்கம் மட்டும் அதைத் தடுக்காது. துணிந்து புகார் கொடுத்தவருக்கு இதைவிடப் பெரிய அநீதி என்ன இருக்கிறது?

‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ போன்ற சில பட்டங்கள் மட்டும் 2009 முதல் எச்சிபிசி என்ற சட்டப்படியான ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றவர்களுக்கே உரியவை. வெறும் ‘சைக்காலஜிஸ்ட்’ அதில் சேராது. பலர் ஏமாறும் இடம் இது.

முதல் சந்திப்புக்கு முன்பே, சிகிச்சையாளர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதோடு விடாமல், அந்தப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள்.