ஆந்தை அலறினால் எண்ணிப் பாருங்கள்

இலங்கை மலையகத்தின் நம் தேயிலைத் தோட்டங்களில், நோயாளி படுத்திருக்கும் லயக் காம்பராவுக்கு (தொழிலாளர் வரிசை வீட்டின் அறைக்கு) மேலே ஆந்தை அலறிவிட்டால் போதும், விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அதே பேச்சுதான். "சாக்குருவி வந்து கூப்பிட்டுட்டுப் போயிருக்கு." அடுத்த இரவு பையன்கள் கையில் கல்லோடு நிற்பார்கள்.

இந்தப் பயத்தை நம் முன்னோர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர்கள் அலறலை எண்ணிக் கேட்டவர்கள். பழைய சகுனக் கணக்கில் ஒரு முறை அலறினால் சாவு. இரண்டு என்றால் நினைத்த காரியம் கைகூடும். மூன்றுக்கு மங்கை சேர்வாள், நான்குக்குக் கலகம், ஒன்பதும் பத்தும் நல்லது. நாம் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டோம்.

ஐந்து பறவைகளை வைத்து நல்ல நேரம் கணிக்கும் பஞ்சபட்சி சாஸ்திரத்தில் வல்லூறு, காகம், கோழி, மயிலோடு ஆந்தையும் ஒன்று. ஊண், நடை, அரசு, துயில், சாவு என்ற ஐந்து தொழிலும் ஒவ்வொரு பறவைக்கும் மாறி மாறி வரும். அதில் மயிலுக்கும் சாவு உண்டு, ஆந்தைக்கும் அரசு உண்டு. நற்றிணை 83ஆம் பாட்டில் தோழி கூகை என்னும் ஆந்தையிடம் பேரம் பேசுகிறாள்: ஆட்டிறைச்சியும் நெய்யும் சேர்ந்த வெண்சோறு, கூடவே சுட்ட எலி, எல்லாம் தருகிறோம், தலைவன் வரும் நேரத்தில் மட்டும் அலறாதே. அவளுக்கும் பயம்தான். ஆனால் கல்லெடுக்கவில்லை, விருந்து வைத்தாள்.

வங்காளத்தில் லட்சுமியின் வாகனமே ஆந்தை. நெற்களஞ்சிய எலியைத் தின்னும் பறவை செல்வத்தின் பறவையானதில் வியப்பென்ன? ஏதென்ஸ்காரர் அதை நாணயத்தில் பொறித்தார்கள். ஜப்பானின் ஐனு மக்களுக்கு அது ஊர்காவல் தெய்வம். மாயன்களுக்கோ பாதாளத்தின் தூதன்.

நம் சிங்கள அயலவர் சொல்லும் உலமா என்ற பேய்ப்பறவையின் கதை கொடுமையானது. கணவன் பிள்ளையைக் கொன்று கறி சமைக்க, சட்டியில் விரலைக் கண்ட தாய் காட்டுக்குள் ஓடி அலறும் குரலாம் அது. அந்தக் குரல் காட்டுப் பேராந்தையுடையது என்றே இன்று பலரும் சொல்கிறார்கள். இதே நாட்டில் இன்னொரு குரலும் கேட்டது. ஹட்டனிலிருந்து கீழே இறங்கினால் வரும் கித்துல்கல காட்டில் 1995இல் பறவை ஆய்வாளர் தீபால் வாரகாகொட அடையாளம் தெரியாத ஒரு குரலைக் கேட்டார். பயந்து ஒதுங்காமல் பின்தொடர்ந்தார். 2001 ஜனவரியில் சிங்கராஜா மழைக்காட்டில் பறவையைக் கண்டார். 2004இல் அது உலகுக்கே புதிய ஆந்தை இனமாகப் பெயர் பெற்றது.

நோயாளி வீட்டில் ஏன் கத்துகிறது? அங்கே இரவெல்லாம் விளக்கு எரிகிறது, பூச்சி வருகிறது. மிச்சச் சோற்றுக்கு எலி வருகிறது. கூடவே, அந்த வீட்டில்தான் ஆட்கள் விழித்திருந்து கேட்கிறார்கள். மற்ற லயங்களில் அது கத்தும்போது நாம் தூக்கத்தில்.

கல்லைவிட ஆந்தையை அதிகம் கொல்லக்கூடியது எலிமருந்து என்பதே என் கவலை. இரத்தம் உறையாமல் செய்யும் மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். ஆந்தைக்கு அதுதான் சுலபமான இரை. தின்ற ஆந்தையும் உள்ளே இரத்தம் கசிந்து சாகும். எலிப்பொறியே நல்லது. மருந்து வைத்தே ஆகவேண்டுமென்றால், காலையில் லயத்தைச் சுற்றியும் வடிகால் கானுக்குள்ளும் பார்த்து, செத்த எலிகளை வெறுங்கையால் தொடாமல் எடுத்து முழ ஆழத்தில் புதையுங்கள்.