லேசர் இணைவு: "எத்தனை மடங்கு" என்று கேட்டது போதும்

"வற்றாத மின்சாரம்", "செயற்கைச் சூரியன்" என்றெல்லாம் தலைப்புகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. லேசர் இணைவு, அதாவது லேசரால் எரிபொருளை நசுக்கி அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுப்பது, அதன் மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் செலுத்திய ஆற்றலைப் போல் எத்தனை மடங்கு திரும்ப வந்தது என்பதை மட்டுமே எல்லோரும் கேட்கிறார்கள். நடந்த சாதனை உண்மையிலேயே பெரியது. இருந்தாலும் அது இயற்பியலில் நடந்தது. மின் உற்பத்தியில் இன்னும் எதுவும் நடக்கவில்லை.

கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம். அங்கே இருப்பது நிஃப் என்கிற ராட்சத லேசர் கூடம். 2022 டிசம்பர் 5 அன்று 192 லேசர் கற்றைகள் 2.05 மெகாஜூல் ஆற்றலைச் செலுத்தின. இணைவில் வெளிவந்தது 3.15 மெகாஜூல். செலுத்தியதைவிட அதிகம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அமெரிக்க இயற்பியலாளர் ஜான் நக்கோல்ஸ் குழுவினர் இந்த யோசனையைக் கட்டுரையாக எழுதியது 1972இல். அதாவது 50 வருடக் காத்திருப்பு. 2012க்குள் முடித்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள், முடியவில்லை. அப்போது கிண்டலடித்தவர்கள் நிறைய.

ஏன் இவ்வளவு காலம்? லேசர் நேராக எரிபொருள் மேல் படுவதில்லை. சிறிய தங்க உருளைக்குள் நுழைந்து உட்சுவரில் பட்டு எக்ஸ் கதிராக மாறுகிறது. அந்தக் கதிர், நடுவில் இருக்கும் சுமார் 2 மில்லிமீட்டர் வைர உருண்டையின் மேற்பரப்பைச் சிதறடிக்கிறது. வெளியே தெறிக்கும் வேகத்துக்கு எதிர்வினையாக மிச்சம் உள்நோக்கிப் பாய்கிறது. உள்ளே உறைந்திருக்கும் எரிபொருளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் (இரண்டும் கனமான ஹைட்ரஜன் வகைகள்) நசுங்கிச் சூடாகி இணைகின்றன. எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் விழ வேண்டும். பலூனைக் கையால் அமுக்கிப் பாருங்கள், விரலிடுக்கில் பிதுங்கும். அந்தப் பிதுக்கத்தோடுதான் இவ்வளவு வருடப் போராட்டமும். 2025இல் 8.6 மெகாஜூல் வரை போய்விட்டார்கள். செலுத்தியதைப் போல் 4 மடங்கு. தலைவணங்குகிறேன்.

சரி, இப்போது மீட்டரைப் பார்ப்போம். 3.15 மெகாஜூல் என்பது ஒரு யூனிட் மின்சாரம்கூட இல்லை. அந்த லேசரை ஒருமுறை இயக்க மின்கம்பியிலிருந்து எடுத்ததோ சுமார் 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட். இதை வைத்து நிஃபைத் திட்டுவது நியாயமில்லை. மின்சாரம் தயாரிக்க அதைக் கட்டவே இல்லை. 1992க்குப் பிறகு அமெரிக்கா அணுகுண்டு வெடித்துச் சோதிப்பதை நிறுத்திவிட்டது. வெடிக்காமலேயே குண்டுகளின் இயற்பியலைப் படிக்கத்தான் பெரும்பணம் வந்தது. பசுமைக் கனவுச் செய்திகளில் இந்த வரி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

மின்நிலையம் என்றால் கணக்கே வேறு. ஒரு பேச்சுக்கு, மின்சாரத்தில் 10 சதவீதத்தை ஒளியாக மாற்றும் லேசர் இருக்கிறது, வெப்பத்தில் 40 சதவீதம் மின்சாரமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது லேசர் செலுத்தியதைப் போல் 25 மடங்கு வந்தால்தான் போட்டது திரும்பக் கிடைக்கும். விற்க ஏதாவது மிஞ்ச வேண்டுமென்றால் 100 மடங்கு என்று வைப்போம். 2 மெகாஜூல் லேசர், நொடிக்கு 10 சுடுதல். நிகரமாக 600 மெகாவாட் கிடைக்கும். நல்ல மின்நிலையம்தான். ஆனால் நொடிக்கு 10 என்றால் ஒரு நாளைக்கு 8,64,000 உருண்டைகள்!

என்னை மலைக்க வைப்பது இந்த இடம்தான். ஒவ்வொரு உருண்டையிலிருந்தும் விற்கக் கிடைப்பது சுமார் 17 யூனிட். அந்த 17 யூனிட் விற்ற காசுக்குள் உருண்டை, அதைச் சுற்றிய உருளை, உறைந்த எரிபொருள், தொழிற்சாலைச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். இப்போதோ ஒவ்வொன்றையும் நகைபோல இழைத்துச் செய்கிறார்கள். உள்ளே பனிப்படலம் சீராக வளர்வதற்கே நாள்கணக்கில் ஆகிறது. நொடிக்கு 10 தடவை அதை வெடிப்பு அறைக்குள் வீசி, பறக்கும்போதே குறிபார்த்து அடித்து, அடுத்தது வருவதற்குள் முந்தைய வெடிப்பின் குப்பையை அகற்றிவிட வேண்டும்.

அப்புறம் டிரிட்டியம். இயற்கையில் அநேகமாகக் கிடையாது, 12 வருடத்தில் பாதி கரைந்துவிடும். மேலே சொன்ன நிலையம் வருடத்துக்கு 100 கிலோவுக்கு மேல் எரிக்கும்; உலகில் மக்களுக்கான பயன்பாட்டுக்குக் கையிருப்பே சில பத்து கிலோதான். எனவே அறைச் சுவரில் லித்தியம் வைத்து, இணைவில் பறக்கும் நியூட்ரான்களைக் கொண்டு அங்கேயே தயாரித்துக்கொள்ள வேண்டும். காகிதத்தில் முடியும் என்கிறார்கள். மின்நிலைய அளவில் இதுவரை யாரும் செய்து காட்டவில்லை.

இதெல்லாம் முடியாது என்று நான் சொல்லவில்லை. டையோடு என்கிற குறைகடத்திச் சில்லுகளால் தூண்டப்படும் லேசர்கள், பளிச்சிடும் விளக்குகளால் லேசரைத் தூண்டும் நிஃபின் பழைய முறையைவிடப் பலமடங்கு திறமையானவை. அங்கே முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் அடுத்த சில பத்தாண்டுகளின் கரியமிலப் பிரச்சினைக்கு இதை விடையாகக் காட்டுபவர்களை நான் நம்பத் தயாரில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் தாராளமாகக் கொடுக்கலாம். இன்னொரு ராட்சத லேசருக்கு அல்ல, மலிவான உருண்டையை லட்சக்கணக்கில் செய்யும் இயந்திரத்துக்கும் லித்தியம் சுவருக்கும் கொடுங்கள் என்பேன். அதற்குத் தலைப்புச் செய்தி கிடைக்காது என்பதால்தானோ என்னவோ, அதைப் பற்றிப் பேச ஆளே இல்லை.