சுரங்கக் கதவுக்கு அப்புறம் வயல் எங்கே?
குழந்தைத் தொழிலாளர் பற்றிய கண்காட்சியில் இருட்டறைக்குள் உட்கார்ந்து சுரங்கக் கதவின் கயிற்றை நாமே இழுத்துப் பார்க்கலாம் என்று அதைப் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். நல்ல யோசனைதான். பிரிட்டனில் 1842 சுரங்கச் சட்டம் வந்து தடுக்கும்வரை ஐந்தாறு வயதுப் பிள்ளைகள்கூட நிலக்கரிச் சுரங்கத்தில் இதைச் செய்தார்கள். வண்டி வரும்போதெல்லாம் காற்றுக் கதவைத் திறந்து மூட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம், பல சமயம் விளக்குகூட இல்லாமல். நமக்கு இரண்டு நிமிடம், அப்புறம் ஒரு செல்ஃபி!

ஆனால் கண்காட்சியின் 'இன்று' பகுதி முழுக்கத் தொழிற்சாலைப் படங்கள் என்பது சரியாகப் படவில்லை. ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு), யுனிசெஃப் மதிப்பீட்டின்படி உலகில் 2024இல் சுமார் 13.8 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள். அவர்களில் 61 சதவீதம் பேர் விவசாயத்தில். பலர் சொந்தக் குடும்ப நிலத்தில், கூலியே இல்லாமல். அந்தப் பகுதியில் ஒரு பூச்சிமருந்துத் தெளிப்பானையாவது வைத்திருக்கலாம்.