குதிகாலும் கூன்முதுகும்

2007இல் பிரிட்டனில், துடுப்புப் படகு போன்ற விளையாட்டுகளில் ஒலிம்பிக்குக்கு ஆள் தேடி ஓர் அறிவிப்பு வந்தது. வயது 16க்கும் 25க்கும் இடையில் இருக்க வேண்டும், பெண்கள் என்றால் 180 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், துடுப்பையே கண்ணால் பார்த்திராதவர்களும் வரலாம், சோதித்துப் பார்க்கிறோம் என்றார்கள். 'ஸ்போர்ட்டிங் ஜயண்ட்ஸ்' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். ஆயிரக்கணக்கில் கூட்டம் போயிருக்கிறது. அதில் கார்ன்வால் பக்கத்துப் பெண் ஒருவர், ஹெலன் குளோவர். கேட்ட உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அளக்கும்போது குதிகாலைச் சற்றே தூக்கிக்கொண்டார்.

அந்தக் குதிகாலை நான் மறக்கவே முடியாது. காரணம், இருபது வருடங்களாகச் சேலத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் நான் இதற்கு நேர்மாறான ஒன்றைத்தான் தினமும் பார்க்கிறேன். உயரமான பெண் பிள்ளைகள் முதுகை வளைத்து, தோளைக் குறுக்கி, பிரார்த்தனை வரிசையில் கடைசியில் போய் நிற்பார்கள்.

முதலில் ஹெலன் கதையை முடித்துவிடுகிறேன். அவர் படித்ததும் விளையாட்டுத் துறைதான், பார்த்த வேலையும் உடற்கல்வி ஆசிரியை வேலைதான். (இந்த ஒரு காரணத்துக்காகவே அவர் என் கட்சி.) சிறுவயதில் ஓட்டப்பந்தயம், ஹாக்கி என்று ஓடியவர், துடுப்பைக் கையில் பிடித்தது 2008இல். நான்கே ஆண்டு கழித்து, 2012 ஆகஸ்ட் 1 அன்று, ராணுவ அதிகாரி ஹீதர் ஸ்டானிங்குடன் இரட்டையர் துடுப்புப் போட்டியில் தங்கம். லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்கு அதுதான் முதல் தங்கம். ஒலிம்பிக்கில் பெண்கள் துடுப்புப் போட்டி தொடங்கிய 1976 முதல் கணக்கெடுத்தால், அந்த நாட்டுப் பெண்கள் துடுப்பில் வென்ற முதல் தங்கமும் அதுவே. 2016இல் ரியோவில் மறுபடியும் அதே ஜோடி, அதே தங்கம்.

பிறகு திருமணம், 2018இல் ஒரு மகன், 2020இல் இரட்டைக் குழந்தைகள். ஊரடங்குக் காலத்தில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் வீட்டிலிருந்த துடுப்பு எந்திரத்தில் (தண்ணீர் இல்லாமலே துடுப்பு வலித்துப் பழகும் எந்திரம்) உட்கார்ந்து வலிக்கத் தொடங்கியவர், டோக்கியோவில் வேறொரு ஜோடியுடன் நான்காம் இடம் பிடித்தார். 2024இல் பாரிஸில், 38 வயதில், நால்வர் படகில் வெள்ளி. நெதர்லாந்திடம் தங்கத்தை விட்டது 0.18 நொடியில்.

இந்த வெள்ளியைத்தான் நம்மவர்கள் 'மூன்று குழந்தைகளின் தாய் சாதனை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். நானும் இரண்டு குழுக்களுக்கு அனுப்பினேன், பொய் சொல்ல மாட்டேன். அனுப்பிய பிறகுதான் எரிச்சல் வந்தது. மூன்று குழந்தைகளின் தகப்பன் துடுப்பு வலித்தால் யாராவது எண்ணிச் சொல்கிறார்களா? அதைவிட, மன உறுதி மன உறுதி என்று எழுதியவர்கள் ஒருவர்கூட அந்த அளவு நாடாவைப் பற்றி எழுதவில்லை. அந்தப் பெண்ணிடம் மன உறுதி 2006இலும் இருந்திருக்கும். அவரைப் படகுக்குக் கொண்டுவந்தது 2007இல் ஒருவர் நீட்டிப் பிடித்த நாடா. அதற்குப் பின்னால் பயிற்சியாளர், படகு, சம்பளம். அந்தப் பணத்தில் பெரிய பங்கு அந்த நாட்டின் தேசிய லாட்டரியிலிருந்து வருகிறது. இங்கே லாட்டரிச் சீட்டு எத்தனை குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியது என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். 2003இல் தடை வந்தபோது என் அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தார். அங்கே அதே சீட்டுக் காசு படகு வாங்கிக் கொடுத்திருக்கிறது. என்ன சொல்ல!

உயரம் ஏன் என்று கேட்கிறவர்கள் ஏற்காடு ஏரியில் ஒருமுறை துடுப்பு வலித்துப் பார்க்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் கோடை விழாவில் பெண்களுக்கான படகுப் போட்டியில் நானும் ஓர் அறிவியல் டீச்சரும் சேர்ந்தோம். ஆளுக்கொரு துடுப்பு. போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பதே அந்த டீச்சருக்கு அதிர்ச்சி. நான் நெட்டை, அவர் குள்ளம். கை எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவு தண்ணீரைத் துடுப்பு இழுக்கும். என் பக்கம் நீளமாக இழுக்க, படகு அவர் பக்கமாகவே திரும்பித் திரும்பி, கடைசியில் கரையோரச் செடிக்குள் போய்ச் செருகிக்கொண்டது. மற்றவர்கள் போய்ச் சேர்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். உள்ளங்கையில் மூன்று கொப்புளம், மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தொடைவலி. துடுப்பு என்பது கை வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காலை ஊன்றி உந்துவதில்தான் பாதிக்கு மேல் பலம் இருக்கிறது. நீளமான கால், நீளமான கை, நல்ல மூச்சு, இந்த மூன்றும் இருந்தால் பாக்கியைக் கற்றுக்கொடுக்கலாம். இருபது வயதுக்கு மேலும் கற்றுக்கொடுக்கலாம். ஜிம்னாஸ்டிக்ஸ் போல ஐந்து வயதில் தொடங்க வேண்டிய விளையாட்டு இல்லை இது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். நம் ஊரில் பெண்ணின் விளையாட்டு வாழ்க்கை பிளஸ் டூவோடு முடிந்தது என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானித்து வைத்திருக்கிறோம். அதற்கு முன்பும் என்ன வாழ்கிறது? விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவார், திருப்பித் தந்த வரலாறு கிடையாது.

என்னிடம் ஒரு மாணவி இருந்தாள். ஏற்காட்டு மலையில் ஒரு சிற்றூர்க்காரி, கீழே விடுதியில் தங்கிப் படித்தாள். பத்தாம் வகுப்பிலேயே என்னைவிட ஒரு சாண் உயரம். பையன்கள் 'பனைமரம்' என்பார்கள். "நிமிர்ந்து நில்லம்மா" என்று நான் சொல்லாத நாள் இல்லை. ஒருநாள் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். "நிமிரச் சொல்லாதீங்க டீச்சர், இதற்கு மேல் வளர்ந்தால் மாப்பிள்ளைக்கு நான் எங்கே போவேன்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் பதில் வரவில்லை. பிளஸ் டூ படிக்கும்போது வாலிபால் தேர்வுக்கு அழைத்துப் போனேன். பிறந்த தேதியைப் பார்த்தார்கள், சில மாதம் தாண்டிவிட்டது என்றார்கள். பந்தைத் தொடவே விடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அவளுக்கு வாய்ப்புக் கிடைத்திருந்தால் ஒலிம்பிக் போயிருப்பாள் என்று கதை அளக்க மாட்டேன். பெரும்பாலும் போயிருக்க மாட்டாள். லண்டன் மேடை ஏறியவர் ஒரு ஹெலன் என்றால், அந்த ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனையோ பேர் வீட்டுக்குத் திரும்பியவர்கள்தான். ஆனால் அளந்து பார்த்து அனுப்பினார்கள். நாம் அளப்பதே இல்லை. மலைப்பிள்ளை காப்பி மூட்டை தூக்கி வளர்ந்தவள், பலம் இரத்தத்திலேயே இருக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. இரத்தத்தில் இருந்தால் நாடா எதற்கு, பயிற்சி எதற்கு?

சேலத்தில் இதற்கு எங்கே தண்ணீர் என்று கேட்பீர்கள். நியாயம். இந்தப் போட்டிக்கு 2000 மீட்டர் நேர்கோட்டில் வேண்டும். ஏற்காடு ஏரி போதாது. மேட்டூரில் தண்ணீர் உண்டு, 120 அடி வரைக்கும் உண்டு, அடுத்த ஆண்டே சேறு தெரியும். சென்னையில் அடையாற்றில் 1867இல் தொடங்கிய படகுக் கழகமே இருக்கிறது, ஆனால் அது நமக்கு ஓர் இரவுப் பயணம். இருக்கட்டும். ஹெலன் மூன்றாவது முறை ஒலிம்பிக்குக்கு வழி தேடியது வீட்டு எந்திரத்தில். மாவட்டத்துக்கு நான்கு துடுப்பு எந்திரம், ஓர் அளவு நாடா, 25 வயது வரை யாரும் வரலாம் என்று ஒரு அறிவிப்பு. தொடங்க இது போதும். விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிற மாநிலம் இது. மேலே கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் பூட்டுப் போடுவானேன்?

போன வாரம் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். என் மாணவி அங்கேதான் வேலை பார்க்கிறாள். மேல் தட்டுப் புடவையை ஏணி இல்லாமல் எடுத்துப் போட்டாள். "இந்தப் பொண்ணு வந்ததிலிருந்து ஏணியைப் பரணில் போட்டுவிட்டேன்" என்றார் முதலாளி. கூட்டம் குறைந்த நேரம். ரவிக்கைத் துணி அளக்கும் நாடாவை வாங்கி, அவளை அலமாரி ஓரமாக நிற்க வைத்தேன்.

"நிமிர்ந்து நில்லம்மா" என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. 178 சென்டிமீட்டர். பென்சிலால் ஒரு கோடு போட்டேன், முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. வயது என்ன என்று கேட்டேன்.

"இருபத்திரண்டு நடக்கிறது, மிஸ்" என்றாள். அதற்குள் ஒரு அம்மா அந்த மேல் தட்டில் இருக்கும் மயில் கழுத்து நிறத்தைக் காட்டச் சொன்னார். போய் எட்டி எடுத்தாள்.