எடைக்குப் போட்ட ஒன்பது கணினிகள்

நான் கணினி சொல்லித்தரும் படிப்பகத்தில், பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த ஒன்பது கணினிகளை எடைக்குப் போட்டது உங்களில் பலருக்குத் தெரியும். கோபத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று இரவு படிப்பக வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணன், "ஓட்டை உடைசலைக் கழிச்சதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா தம்பி?" என்று கேட்டார். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

ஓட்டை உடைசல் இல்லை அண்ணே. ஒன்பதும் ஓடிக்கொண்டிருந்த கணினிகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணி வரைக்கும் பிள்ளைகள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை நான் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்துக் குட்டியானையில் ஏற்றி, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருக்கிறீர்கள். மொத்தம் 3,200 ரூபாய். சொன்ன காரணம், "விண்டோஸ் 11 ஏறாது."

ஏறாதுதான். 2011, 12 வாக்கில் வந்த, இன்டெல்லின் இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர் உள்ளவை அவை. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எல்லாம் சரி. ஆனால் அந்த ஒன்பதில் ஒன்றில்கூட விண்டோஸ் கிடையாதே! 2023 மே மாதத்திலிருந்து டெபியன் லினக்ஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம் அது. இல்லாத ஒன்றுக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று இருப்பதைத் தூக்கிப் போடுவார்களா? ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவற்றைத் தேற்றியது எப்படி என்று குழுவில் யாருக்கும் தெரியாது. மூடிய ஒரு அலுவலகத்திலிருந்து வந்தபோது, ஆன் செய்துவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம், அவ்வளவு நேரம் பிடிக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் எந்நேரமும் 100 சதவீதம். நானும் என் மச்சானும் கோடை விடுமுறையில் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஃபேனில் தூசி பஞ்சு மெத்தை மாதிரி அடைத்திருந்தது. பிராசஸர் மேலிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. அதைத் துடைத்துப் புதுசு தடவி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டோம். ஒன்று 1,300 ரூபாய், பாதிப் பணம் நண்பர்கள் தந்தது. எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை அமைப்போடு டெபியன் போட்டதும், 4 ஜிபி ராமில் அரை நிமிஷத்தில் திறந்தது. கணினி பழசாகவில்லை. அதன் மேல் ஏற்றிய சுமைதான் அதிகமாகிவிட்டது. இதைத்தான் மூன்று வருஷமாகச் சொல்கிறேன்.

அப்பா இருந்தபோது நடந்த ஒன்று ஞாபகம் வருகிறது. அவர் ரிட்டயர் ஆன பணத்தில் 2009இல் வாங்கிய பெட்டி, கோர் 2 டூவோ. அப்போது அதில் விண்டோஸ் 7. ஒரு நாள் போன் செய்து, "நெட் போயிடுச்சுடா, எதைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லைன்னு வருது" என்றார். கடையில் காட்டியதற்கு, "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க சார்" என்றார்களாம். ஊருக்குப் போய்ப் பார்த்தால் திரையின் மூலையில் தேதி 2009 ஜனவரி 1. மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது தீர்ந்தால், கணினிக்கு வரும் கரண்ட்டை நிறுத்தியதும் நாளும் நேரமும் மறந்துபோகும். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் சான்றிதழ் எதையும் பிரவுசர் ஏற்காது. அவ்வளவுதான் வியாதி. 30 ரூபாய் பேட்டரி. அன்றைக்கே ராமை 4 ஜிபி ஆக்கி, லினக்ஸிலேயே இன்னொரு வகையான மின்ட்டும் போட்டுக் கொடுத்தேன். கடைசி வரைக்கும் காலையில் பேப்பர் அதில்தான் படித்தார். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அம்மா இன்னமும் அதில்தான் பாட்டு கேட்கிறார். திறந்து பார்க்காமலே "போச்சு" என்று சொல்கிற வாய்கள் அன்றைக்கும் இருந்தன, இன்றைக்கும் இருக்கின்றன.

"வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு விண்டோஸ்தானே தெரியணும்?" என்று கேட்பீர்கள். பக்கத்தில் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருஷமாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள், பத்தாம் வகுப்பு ஐடி தேர்வும் அதில்தான் எழுதுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் வேலை கிடைக்காமலா போய்விட்டது? நம் அரசு கொடுத்த இலவச மடிக்கணினியிலும் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற லினக்ஸ் இருந்தது, பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபிஸில் கணக்குத்தாள் போடப் பழகின பிள்ளைக்கு எக்ஸல் ஒரு வாரத்து வேலை. என்னிடம் படித்துவிட்டு இப்போது கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் பையனைக் கேட்டுப் பாருங்கள்.

கடைக்கணக்கு எழுதும் டேலி மென்பொருள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தனியாக ஒரு விண்டோஸ் கணினி வேண்டும் என்று நானே மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூலையில் இருந்த லேசர் பிரிண்டரை லினக்ஸில் வேலை செய்யவைக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டித் தோற்றேன், அதுவும் உண்மை. எந்தப் பழசும் ஓடும் என்றும் நான் சொல்லவில்லை. 32 பிட் பிராசஸர் மட்டும் உள்ள மிகப் பழைய கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியை, 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்போடு டெபியனே நிறுத்திவிட்டது. அந்த மாதிரி இரண்டை என் கையாலேயே கழித்தேன். கழிக்கத் தெரியாதவன் இல்லை நான். கரண்ட் அதிகம் இழுக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். தினம் இரண்டு மணி நேரம் ஓடும் பெட்டிக்குக் கரண்ட் கணக்குப் போடுகிறவர், ஒன்பது புதுக் கணினிக்குப் பணம் எங்கே என்றும் கணக்குப் போடட்டும்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். "ஏழைப் பிள்ளைங்கன்னா பழசு போதும்னு நினைச்சிட்டியா?" என்று கேட்டீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என் மகளும் அதே கணினியில், அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தாள் அண்ணே. வீட்டில் பித்தளை அண்டாவில் ஈயம் போய்விட்டால் தெருவில் போடுகிறோமா? ஈயம் பூசுகிறவர் வரும்வரை எடுத்து வைப்போம். பூசினபிறகு அதே அண்டாவில்தான் கல்யாணச் சோறு.

ஏழாவது படிக்கும் ஒரு பெண், மூன்றாவது மேசை அவளுடையது. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகையைக் காகிதத்தில் வரைந்து மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தாள். 'ம' விசையை இரண்டு தடவை தட்டினால் முதல் ம தானாகப் புள்ளி வைத்துக்கொள்ளும். 'அம்மா' என்று அடிக்கும்போது அதை முதல்முறை பார்த்துவிட்டு, "சார், அதுக்கே தெரியுது சார்!" என்று கத்தினாள். அன்றிலிருந்து தினம் ஒரு பாரா, அவள் பாட்டி ஊர்க் கதை. பதினான்கு பக்கம் வந்திருந்தது. எடைக்குப் போடும் முன் பிள்ளைகள் எழுதியதை ஒரு பென்டிரைவில் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருவருக்காவது தோன்றியதா? திங்கட்கிழமை அவள் வந்து வெறும் மேசையைப் பார்த்துவிட்டு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. புதுசு வரும் என்கிறீர்கள். எப்போது? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் குழுவில் பதிலே இல்லை.

செவ்வாய்க்கிழமை இரும்புக் கடைக்குப் போனேன். ஏழு ஏற்கெனவே கைமாறிவிட்டது. மிச்சம் இருந்த இரண்டை 1,100 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். ஒன்றில் எஸ்எஸ்டியையும் ராமையும் உருவிவிட்டார்கள். இன்னொன்று ஓடுகிறது, ஆனால் அது மூன்றாவது மேசைக் கணினி இல்லை.

யார் வீட்டிலாவது டிடிஆர்3 ராம் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், டெஸ்க்டாப்பில் போடுவது. 2 ஜிபி என்றாலும் போதும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அந்த ஏழு கணினியும் எங்கே போயின என்று தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். கணினிகூட வேண்டாம், அந்த எஸ்எஸ்டிக்களை மட்டும் அழிக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்கிற பணத்தைத் தருகிறேன்.