நீல லேசரும் கண்ணாடியும்: பரவும் தவறான தகவல்

காரைக்குடி வட்டாரத்தில் திருமணத்துக்கும் மணிவிழாவுக்கும் லேசர் இயந்திரத்தால் பெயர் பொறித்த பரிசுப் பொருள்கள் செய்து தருபவர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "நீல லேசரில் சக்தியை 100 விழுக்காடு வையுங்கள். கண்ணாடியிலும் பெயர் விழும். பூச்சு எதுவும் வேண்டாம்." இது தவறு. நம்பிச் செய்தால் இயந்திரமே பாழாகலாம்.

காரணம் அலைநீளம். நீல டயோடு லேசரின் ஒளி சுமார் 450 நானோமீட்டர். தெளிந்த கண்ணாடி அதை உறிஞ்சாமல் ஊடுருவ விட்டுவிடும். சக்தியைக் கூட்டக் கூட்ட அடியில் உள்ள மேசைதான் சுடுபடும். அங்கே பளபளப்பான உலோகத் தகடு இருந்தால் ஒளி திரும்பி வந்து லென்ஸையும், ஒளியை உண்டாக்கும் டயோடையும் கெடுக்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஆபத்து இன்னும் அதிகம்; பின்புற ரசப்பூச்சு ஒளியை நேரே மேலே திருப்பி அனுப்பும். செட்டிநாட்டு வீடுகளின் பழைய பெல்ஜியம் கண்ணாடிகளை, தயவுசெய்து, இந்தச் சோதனைக்கு உட்படுத்தாதீர்கள்.

நீல லேசர்தான் இருக்கிறது என்றால் கறுப்பு நீர்வண்ணத்தைச் சீராகப் பூசி உலரவிடுங்கள். பூச்சு ஒளியை உறிஞ்சிச் சூடாகி, கண்ணாடியின் மேற்பரப்பில் தடம் பதிக்கும், பிறகு கழுவிவிடலாம். இன்னொரு வகையான கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் (10,600 நானோமீட்டர்) ஒளியைக் கண்ணாடியே உறிஞ்சிக்கொள்ளும். அதிலும் முழுச் சக்தி கூடாது: சில்லு தெறிக்கும், விரிசல் விழும். தூசு படிந்த லென்ஸ் சூடேறி உடையவும் கூடும்.

சாதாரண வெயில் கண்ணாடி கண்ணைக் காக்கும் என்று அதே செய்தி சொல்வதும் பொய். உங்கள் லேசரின் அலைநீளத்துக்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடியை அணியுங்கள்.